அழுகைக்கு நடுவே ஒரு உத்தியோகம்

எந்த வேலையா இருந்தாலும் முதல் நாள் கொஞ்சம் அழுகை வரத்தான் செய்யும். எங்க வேலையில வாடிக்கையாளருங்களும் கூடச் சேர்ந்து அழுவாங்க. நான் லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டத்துல புள்ள மடுவத்து டீச்சர். தாய்மாருங்க கொழுந்தெடுக்க மலைக்குப் போற நேரத்துல அவங்க கைக்குழந்தைங்கள வச்சுப் பாத்துக்கிற இடம் அது. புதுசா ஒரு வேலையில சேர்ந்து, "இது நமக்குச் சரிப்பட்டு வருமா"ன்னு பஸ்ஸுல ஜன்னலோரமா உக்காந்து கண்ணத் தொடைச்சுக்கிட்டவங்க எல்லாரும் எனக்குச் சொந்தக்காரங்கதான். உங்களுக்காகத்தான் இத எழுதுறேன்.

கச்சேரியோட வரவேற்பு

முதல் நாள் இருக்கிறதுலயே நல்ல சேலையாப் பாத்துக் கட்டிக்கிட்டு நோர்வூட்டுல பஸ் ஏறினேன். "சிரிச்ச முகத்தோட கைய நீட்டுங்க, புள்ள தானா வரும்"னு பயிற்சியில சொல்லிக் குடுத்திருந்தாங்க. நீட்டினேன். ஒரு புள்ள என் கையப் பாத்ததும் வீல்னு கத்துச்சு. மத்ததுங்க என்ன ஏதுன்னு விசாரிக்காமலே கூடச் சேர்ந்துக்கிச்சுங்க.

அந்த நேரம் பாத்துத்தான் தோட்டத்து மேனேஜர் தொரை வந்து நின்னாரு. இந்த மடுவத்துக்குப் புள்ளைங்க வர்றது கொறைஞ்சு போச்சு, மழைக்காலம் முடியிற வரைக்கும் பாப்போம், அப்பவும் இப்படித்தான்னா மூடிட்டுக் கீழ் டிவிசன் மடுவத்தோட சேர்த்துடுவோம்னாரு. அங்க ஏற்கெனவே ஒரு டீச்சர் இருக்காங்க. அப்ப நான்? கொழும்புக்குப் போய் ஏதாவது துணிக்கடையில நிக்க வேண்டியதுதான். உதவிக்கு இருந்த புஷ்பா என் வயசுக்காரி. இடுப்புல ஒண்ணு, தோள்ல ஒண்ணுன்னு ரெண்டு அழுகையச் சமாளிச்சுக்கிட்டே சொன்னா: "பயப்படாதீங்க டீச்சர், இன்னிக்கு அழுததுங்க நாளைக்கு உங்க சேலையிலயே ஒண்ணுக்குப் போவும், அதோட சொந்தமாயிரும்."

சரோஜா அக்கா

எங்க மலையில கொழுந்தெடுக்கிற வேகத்துல சரோஜா அக்காவ அடிச்சுக்க ஆளில்ல. பேச்சுலயும் அப்படித்தான். தொழிலாளிங்க வரிசையாக் குடியிருக்கிற லயத்துல பாதிப் பேரு அவங்க என்ன சொல்றாங்கன்னு பாத்துத்தான் எதையும் செய்வாங்க. அவங்களே மக அபிய மடுவத்துக்கு அனுப்பாம பக்கத்து வீட்டுல விட்டுட்டுப் போனா, மத்தவங்க எப்படி அனுப்புவாங்க?

நேரா அவங்க வீட்டுக்கே போய்க் கூப்பிட்டேன். ரொட்டிக்கு மாவு பெசைஞ்சுக்கிட்டே என்ன ஏற எறங்கப் பாத்தாங்க. எனக்கு முன்னாடி வந்தவங்க யாரும் இந்தக் குளிருக்கும் மழைக்கும் தாக்குப் பிடிக்கலயாம். எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. ஆனா அவங்க கேட்டது நியாயமாத்தான் இருந்துச்சு: "எம்புள்ள உங்களோட பழகி முடியிறப்ப நீங்க மாத்தல் வாங்கிட்டுப் போயிருவீங்க, அப்புறம் அது யாரத் தேடி அழும், சொல்லுங்க பாப்போம்?"

உற்சாக வாசகம்

மனசு தளராம இருக்கக் கண்ணுல படுற எடத்துல நல்ல வாசகமா ஒண்ணு ஒட்டி வைங்கன்னும் பயிற்சியில சொல்லியிருந்தாங்க. கலர் பேனையால "என்னால் முடியும்"னு பெருசா எழுதிச் சுவத்துல ஒட்டினேன். நான் கஞ்சி ஆத்தப் போன நேரம், தவழ்ந்து போன பொடியன் ஒருத்தன் "என்னால்" வரைக்கும் கிழிச்சு வாயில போட்டுக்கிட்டான். வெரலவிட்டு நோண்டினேன். பாதிதான் வந்துச்சு.

பால் குடுக்க வந்த அவனோட அம்மா வாசல்ல நின்னு கால்ல ஏறின அட்டையத் தட்டிவிட்டுக்கிட்டு இருந்தாங்க. நான் விஷயத்தச் சொன்னேன். சுவத்தையும் மகனையும் மாறி மாறிப் பாத்தாங்க. "நல்ல வார்த்தைதானே டீச்சர், உள்ள போகட்டும், பெரிய ஆளா வருவான்."

வெயில் அடிச்ச நாள்

எங்க மடுவத்துல ஒவ்வொரு தாயும் தான் கட்டிப் பழசான சேலை ஒண்ணக் கொண்டாந்து குடுப்பாங்க. அதுலதான் அவங்க புள்ளைக்குத் தொட்டில் கட்டுவோம். மழை விட்டு ஒரு நாள் சுள்ளுன்னு வெயில் அடிச்சுச்சு. விடுவேனா நான்? அத்தனை சேலையையும் சவுக்காரம் போட்டு அலசி, தேயிலைச் செடி மேல காயப் போட்டு, மொடமொடன்னு தொட்டில் கட்டினேன். எனக்கே பெருமை தாங்கல.

ஒரு புள்ளகூடத் தூங்கல. அம்மா வாசனை போன தொட்டில் அதுங்களுக்கு வேணாமாம். போட்ட கூச்சல் மலைக்கே கேட்டுருக்கு. புள்ளைங்களுக்கு என்னமோ ஆயிருச்சுன்னு கூடையும் முதுகுமா எல்லாரும் எறங்கி ஓடியாந்தாங்க, பின்னாலயே கங்காணியோட சத்தமும் வந்துச்சு. மடுவத்துல தன் புள்ள இல்லாட்டியும் சரோஜா அக்காவும் அதுல ஒருத்தங்க. ஓடி ஒளிய எடம் இல்லாம வாசல்லயே நின்னு நடந்தத ஒப்பிச்சேன். யாரும் திட்டல. ஆளாளுக்குத் தலையில கட்டியிருந்த துண்ட அவுத்து, வேர்வையும் கொழுந்துக் கறையுமா அப்படியே தொட்டில்ல போட்டாங்க. ஒவ்வொரு தொட்டிலா அடங்குச்சு. சரோஜா அக்கா வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க: "சேலையத் தொவைச்சது சரி டீச்சர், தப்பித் தவறி எங்களத் தொவைச்சிராதீங்க, புள்ளைங்க எங்களையும் யாரோன்னு நெனச்சிரும்!"

அபி வந்தா

மறுநாள் கொட்டுற மழையில வாசல்ல சரோஜா அக்கா. இடுப்புல அபி, கக்கத்துல ஒரு கசங்கின சேலை. நேத்து அவ்வளவு கூத்து நடந்த எடத்துக்கு எந்த நம்பிக்கையிலக்கா கொண்டாந்தீங்கன்னு கேட்டுட்டேன். சேலைய என் கையில திணிச்சாங்க. "வேல தெரியாதவங்கள நான் பொறுத்துக்குவேன் டீச்சர், ஓடிப் போறவங்களத்தான் பொறுக்க மாட்டேன்."

பெரட்டுல நடந்தது

அபிக்குப் பின்னால லயத்துல மத்த புள்ளைங்களும் வர ஆரம்பிச்சுச்சு. அப்பாடான்னு இருந்தேன். ஆனா மேலிடத்துல அதுக்கு முன்னாலயே முடிவெடுத்துட்டாங்களாம். காலையில எல்லாரும் வேலைக்குக் கூடுற பெரட்டுல, வர்ற வாரம் மடுவத்த மூடுறோம்னு தொரை அறிவிச்சாரு. பெரட்டுக்களத்துக்கு அடுத்ததுதான் மடுவம். வாசல்ல புள்ளைங்கள வாங்க நின்ன எனக்கு அது நல்லாவே கேட்டுச்சு. அழக்கூடத் தோணல.

சரோஜா அக்கா முன்னால வந்தாங்க. முதுகுல இருந்த வெறுங்கூடைய எறக்கித் தொரை கால்கிட்ட வச்சாங்க. இடுப்புல இருந்த அபிய முதுகுக்கு மாத்திச் சேலையால இறுக்கிக் கட்டினாங்க. பின்னாலயே இன்னொருத்தங்க கூடைய எறக்குனாங்க, அப்புறம் இன்னொருத்தங்க. தொரைக்கு நிக்க எடம் இல்லாமப் போச்சு. யாரும் கத்தல, கும்புட்டுக் கெஞ்சவும் இல்ல. சரோஜா அக்கா சாதாரணமாத்தான் சொன்னாங்க: "மூடுங்க தொரை, ஆனா எங்களுக்கு முதுகு ஒண்ணுதான் இருக்கு; புள்ளைய நாங்க சொமக்கிறோம், கூடைய நீங்க சொமந்துக்கங்க."

மடுவம் இன்னிக்கும் தெறந்துதான் இருக்கு, அதனால வேலைக்குப் புதுசா வந்தவங்க மனசு தளராம இருக்க என்ன வழின்னு என்னக் கேட்டீங்கன்னா, உங்களவிட நெஞ்சுறுதி உள்ளவங்க நாலு பேரோட புள்ளைங்களத் தூங்க வைக்கிற வேலையாப் பாத்துச் சேர்ந்துருங்க, மிச்சத்த அவங்க பாத்துக்குவாங்க.