பூந்தமல்லியிலிருந்து கோவளம்: தேவகி அலையில் வந்த ஞாயிறு

என் நாத்தனார் தேவகிக்கு முப்பத்தெட்டு வயது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மின்விசிறிப் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. போன வருடம் குமணன்சாவடியில் சாலையைக் கடக்கும்போது பைக் மோதி இடது கால் முறிந்தது. தகடு வைத்தார்கள், பல மாதம் படுக்கை. மறுபடி நடந்து வேலைக்கும் போகத் தொடங்கியதும், பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். புடவை கேட்பாள் என்றுதான் நினைத்தேன்.

"கடல்ல பலகை மேல படுத்துகினு போறாங்களே அண்ணி, அது நான் போவணும்" என்றாள்.

என் கணவர் குதித்தார். "கால்ல தகடு வெச்சிகினு கடலாண்ட இன்னாடி வேலை உனக்கு?"

தேவகி நேராக டாக்டரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, முழங்காலை மட்டும் ரொம்ப மடக்க வேண்டாம் என்றாராம். பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, என் ஸ்கூட்டரில் இருவரும் கிளம்பினோம்.

பூந்தமல்லியில் புறப்பட்டபோது மணி ஐந்து. நசரத்பேட்டையில் வெளிவட்டச் சாலையின் சர்வீஸ் ரோட்டைப் பிடித்தால் வண்டலூர். அங்கிருந்து கேளம்பாக்கம் வழியாகக் கோவளம். ஏறக்குறைய நாற்பத்தைந்து கிலோமீட்டர். கேளம்பாக்கத்தில் இட்லி, வடகறி சாப்பிட்டோம். இருவருக்கும் நூற்றிருபது ரூபாய். வடகறியில் சோம்பு கொஞ்சம் தூக்கல், ஆனாலும் இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன்.

ஏழரைக்குக் கடற்கரை. அலைச்சறுக்கு சொல்லித்தரும் சுகுமார் அந்த ஊர் மீனவக் குடும்பத்து இளைஞர். ஒரு பாடத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். தேவகிக்கு மட்டும் கட்டினேன். நான் பை பார்த்துக்கொள்ள வந்தவள்.

முதலில் மணலிலேயே பயிற்சி. பலகையில் குப்புறப் படுத்து, கையை ஊன்றி, சட்டென்று எழ வேண்டும். தேவகியின் இடது முழங்கால் மடங்கவில்லை. மூன்று முறை முயன்றாள். முகம் சுண்டிப்போயிற்று. அதைப் பார்க்க முடியாமல் நான் கடல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"எழுந்துக்கணும்னு சட்டமா இன்னா?" என்றார் சுகுமார். "படுத்துகினே வாங்கக்கா. அலையே உங்கள கொண்டாந்து உடும்."

முதல் அலையில் பலகை கவிழ்ந்தது. ஆளைக் காணோம். பையை அப்படியே போட்டுவிட்டு, போட்டிருந்த சுடிதாரோடு ஓடினேன். இடுப்பளவுத் தண்ணீர்தான். ஆனாலும் எனக்கு உயிரே இல்லை. தலைமுடி முகத்தில் அப்பியிருக்க, உப்புத் தண்ணீரைத் துப்பிக்கொண்டு எழுந்தாள்.

"போதும் தேவகி, வா, ஊட்டுக்குப் போலாம்."

"ஓரமா நில்லு அண்ணி. வழில நின்னுகினு கீற."

அடுத்த அலைக்குச் சுகுமார் பலகையைத் தள்ளிவிட்டார். அலை அவளைத் தூக்கியது. விளிம்பைப் பிடித்தபடி, தலையை நிமிர்த்தி, வெள்ளை நுரைக்கு நடுவே என்னைத் தாண்டி அம்பு மாதிரிப் போனாள். போகும்போது ஒரு கூச்சல் போட்டாள் பாருங்கள், பதினைந்து வருடமாக அவளோடு ஒரே வீட்டில் இருக்கிறேன், அப்படியொரு சத்தத்தை நான் கேட்டதில்லை. மணலில் போய் நின்ற பலகையிலிருந்து தலையைத் தூக்கி, "இன்னொரு தபா!" என்றாள்.

எத்தனை தபா என்று எண்ணவில்லை. கடைசிவரை அவள் எழுந்து நிற்கவே இல்லை. முடிவில் என்னையும் இழுத்துப் பலகையில் படுக்க வைத்தாள். மூக்கு, காது எல்லாம் உப்பேறிய பிறகு ஒரே ஒரு அலை என்னைக் கரை சேர்த்தது. இரண்டு பிள்ளை பெற்றவள் நான், பள்ளிக்கூடப் பெண் மாதிரிக் கத்தினேன்.

மீனவர் குடியிருப்புப் பக்கம் ஓர் அக்கா தகரக் கொட்டகையில் சாப்பாடு போடுகிறார். சோறு, நெத்திலிக் குழம்பு, சுறாப் புட்டு, வஞ்சிரம் வறுவல்: இருவருக்கும் எழுநூறு. புட்டில் பூண்டும் பச்சைமிளகாயும் மணத்தன. தேவகி தட்டை வழித்த வேகத்தைப் பார்த்து, "மெதுவா துண்ணும்மா, நெத்திலில முள்ளு கீது" என்று சிரித்தபடியே இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார் அந்த அக்கா. அதற்குக் காசு வாங்கவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். மழைக்காலத்தில் வேண்டாம், அலை முரடு. முழுக்கைச் சட்டையும் டிராக் பேண்ட்டும் போட்டுக்கொள்ளுங்கள். நான் பட்டது போதும், ஈரச் சுடிதார் ஆளைக் கீழே இழுக்கிறது. பயிற்சியாளர் இல்லாமல் இறங்கவே கூடாது. அறுவைச் சிகிச்சை ஆனவர்கள் டாக்டரைக் கேளுங்கள். அவர் சரி என்றால், பிறகு வீட்டில் யாரையும் கேட்காதீர்கள். வண்டி இல்லாதவர்கள் தாம்பரம் போய், மாமல்லபுரம் பேருந்தில் ஏறிக் கோவளத்தில் இறங்கலாம்.

அவள் கால் எப்போதோ ஆறிவிட்டது. ஆறாமல் இருந்தது என் பயம்தான் என்று தண்ணீருக்குள் நின்றபோது புரிந்தது.

நேற்று வேலை முடிந்து வந்தவள் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "எங்க கம்பெனி லைன்ல எல்லாரும் கோவளம் வராங்களாம். வேன் பேசிட்டேன்" என்றாள்.

"அப்போ நான்?"

"வேன் ஃபுல்லு அண்ணி. நீ ஸ்கூட்டர்ல பின்னாலயே வந்துடேன்."