ட்ரெய்லருக்குள் தண்ணீர் வந்த வழி

மூன்று மணிக்கு வருவதாக அவர் சொல்லியிருந்தார். அதற்குள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நான் கண்டுபிடித்துவிட வேண்டும்.

அவர் பக்கத்து நகரமான அஜக்ஸில் இருக்கும் ஒரு தமிழர். வசந்தத்தில் தன் பழைய ட்ரெய்லரை எங்களுக்கு விற்றவர். வாகனத்துக்குப் பின்னால் கொளுவி இழுத்துப் போகிற, கட்டிலும் அடுப்பும் மேசையும் உள்ள சின்ன வீடு அது. ஆசைப்பட்டவர் அப்பா. வாங்கலாமா என்று தீர்மானித்தவள் நான். எங்கள் வீட்டில் அப்படித்தான். அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர். அம்மா அதுவும் இல்லை. எட்டு வயதிலிருந்தே வீட்டுக்கு வரும் கடிதங்களை வாசித்ததும் படிவங்களை நிரப்பியதும் நான்தான். கல்லூரியில் கட்டடத் தொழில்நுட்பம் படித்தேன். இப்போது அடுக்குமாடிகளில் எங்கே நீர் கசிகிறது என்று பார்த்துச் சொல்வதுதான் என் வேலை. ட்ரெய்லரை வாங்கப் போனபோது, சுவரில் வைத்தால் ஈரம் காட்டும் கருவியையும் கொண்டுபோயிருந்தேன். ஒவ்வொரு மூலையிலும் வைத்துப் பார்த்துவிட்டு, "காய்ஞ்சு கிடக்கு, வாங்கலாமப்பா" என்றேன். அவர் வேறு எதையும் கேட்கவில்லை.

யூலையில் இரண்டு கிழமை, பதினான்கு நாளும், மழை பெய்தது. கதவுக்குப் பக்கத்தில் தரை மெத்தென்று அமிழத் தொடங்கியது. உள்சுவரின் மெல்லிய பலகை பொருமி நின்றது. பார்த்தவுடனே முடிவு கட்டிவிட்டேன்: பழைய கசிவை அந்த மனிதர் காயவைத்து, மேலே பூசி மறைத்து எங்கள் தலையில் கட்டிவிட்டார். அன்றே அவருக்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு மெசேஜ் அனுப்பினேன். சனிக்கிழமை வந்து பார்ப்பதாக ஒரு வரியில் பதில் வந்தது.

அந்தச் சனிக்கிழமை, ரூஜில் எங்கள் வீட்டின் முன் வாகனம் நிற்கும் ட்ரைவ்வேயில், அப்பா வெளியே ஹோஸைப் பிடித்தபடி நின்றார். நான் உள்ளே கதவோரப் பலகையைக் கழற்றிவிட்டு, டோர்ச்சோடு முழங்காலில் இருந்தேன். சுவருக்குள் அடைத்திருந்த ஈரப் பஞ்சைப் பிடுங்கி எறிந்திருந்தேன். பூஞ்சண நெடி மூக்கில் ஏறியது. தண்ணீர் அடித்துப் பார்க்கும் இந்தச் சோதனையைக் கீழிருந்துதான் தொடங்க வேண்டும். மேலே முதலில் அடித்தால் நீர் எல்லா இடமும் வழிந்து, எந்த ஓட்டை என்று தெரியாமல் போய்விடும். ஒவ்வொரு உயரத்திலும் பத்து நிமிடம் அடித்துப் பார்க்க வேண்டும்.

"மேலை அடிக்கட்டோ?" அப்பா வெளியே இருந்து கத்தினார்.

"இல்லையப்பா, ஜன்னலுக்குக் கீழை மட்டும். அசையாதேங்கோ."

"கை உளையுது பிள்ளை."

"மற்றக் கையாலை பிடியுங்கோவன்."

ஜன்னலுக்குக் கீழே ஒன்றுமில்லை. ஜன்னல் சட்டத்திலும் ஒன்றுமில்லை. கூரை விளிம்புக்குப் போன கிழமையே நீர் புகாமல் அடைக்கும் சீலன்ட்டைப் புதிதாகப் பூசியிருந்தேன். மணி இரண்டு தாண்டிவிட்டது. அவர் வந்து, "எங்கையால தண்ணி வருது, காட்டும் பாப்பம்" என்று கேட்டால் காட்ட என்னிடம் எதுவும் இல்லை.

"இப்ப கதவுக்கு மேலை அடியுங்கோ."

நான்காவது நிமிடத்தில், கதவுச் சட்டத்துக்குச் சற்று மேலே ஏதோ மினுங்கியது. டோர்ச்சைக் கிட்டக் கொண்டுபோனேன். தகட்டைத் துளைத்து உள்ளே நீட்டிக்கொண்டிருந்த ஒரு ஸ்குரூவின் நுனி. அதில் ஒரு துளி திரண்டு, கனத்து, விழுந்தது. அடுத்தது திரண்டது. இரண்டடி தள்ளி இன்னொரு நுனி. அதிலும் அதேதான்.

களிம்பு இன்னும் ஏறாத, புதுப் பித்தளை ஸ்குரூக்கள்.

அவற்றைப் போட்டவள் நான். ட்ரெய்லர் வந்த கிழமை அம்மா அதற்குப் பூசை வைத்தார். தேங்காய் உடைத்து, சக்கரச் சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்து, கடைசியில் வாசலுக்குத் தோரணம் கட்ட வேண்டும் என்றார். பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம். அப்பா துளைத்தால் கோணலாகப் போகும் என்று, மெஷினை அவர் கையிலிருந்து வாங்கி, அளந்து, கொக்கி இரண்டையும் நானே ஸ்குரூவால் இறுக்கினேன். இழுத்துப் போகும்போது பறந்துவிடும் என்று மறுநாளே தோரணத்தைக் கழற்றிவிட்டோம். கொக்கிகள் அங்கேயே நின்றன. வெளித்தகட்டில் ஒரு துளை போட்டால் அதற்கு ஒட்டுநாடாவும் சீலன்ட்டும் வைக்க வேண்டும் என்று எந்தக் கட்டடத்திலும் யாருக்கும் சொல்லக்கூடியவள் நான். வீட்டு வாசலுக்குத் தோரணம் கட்டுகிற மாதிரி நினைத்துத் துளைத்துவிட்டேன்.

"என்ன, தெரிஞ்சுதோ?"

"இன்னும் பாக்கோணும்" என்றேன்.

வெளியே வந்து ட்ரெய்லர் படியில் ஏறினேன். கையில் ஸ்குரூ டிரைவர் இருந்தது. இரண்டையும் கழற்றி, துளைகளில் சீலன்ட் அடைத்து வழித்துவிட்டால் ஐந்து நிமிட வேலை. அப்பாவின் கண்ணுக்குத் தெரியாது. வருகிறவரிடம் ஊறிய தரையையும் பொருமிய பலகையையும் காட்டினால் போதும். முதல் கொக்கியைக் கழற்றிப் பொக்கற்றுக்குள் போட்டேன்.

அப்பா ஹோஸைச் சுருட்டியபடி கீழே நின்று சொன்னார். "வரட்டும் உவர். ஊமைக்கொட்டையள், ஒண்டும் தெரியாத சனம் எண்டு நினைச்சுத் தள்ளிவிட்டவர். என்ரை பிள்ளையிட்ட உவற்ரை விளையாட்டுச் சரிவராது."

இரண்டாவது ஸ்குரூ சுழலவில்லை. அதற்குள் ஒரு பிக்கப் வந்து நின்றது.

அவர் தனியாகத்தான் வந்தார். ஒரு ஏணியும் கருவிப் பெட்டியும் கொண்டுவந்திருந்தார். அம்மா வீட்டுக் கதவைத் திறந்து, "தேத்தண்ணி குடிச்சிட்டுப் பாருங்கோவன்" என்றார். "வேண்டாம் அக்கா" என்றுவிட்டு அவர் என்னைப் பார்த்தார். "பிள்ளை, எங்கை எண்டு காட்டும்."

அப்பா முந்தினார். "எங்கை எண்டு உங்களுக்குத் தெரியாதோ அண்ணை? பூசி மறைச்ச ஆளுக்கு?"

அவர் முகம் சிவந்தது. ஏணியை இறக்கத் திரும்பினார்.

"அப்பா, அது நான்."

இருவரும் திரும்பினார்கள். பொக்கற்றிலிருந்த கொக்கியை எடுத்துக் காட்டினேன். "தோரணத்துக்குப் போட்டது. இதுக்குள்ளாலதான் தண்ணி போகுது. அங்கிளிலை பிழையில்லை."

அப்பா கொக்கியையே பார்த்தார். "நீ அளந்தெல்லோ போட்டனி?"

"அளந்தனான். அடைக்கேல்லை."

வந்தவர் தன் பெட்டியைக் கீழே வைத்தார். கத்துவார் என்று நினைத்தேன். மெல்லிய குரலில்தான் கேட்டார். "பிள்ளை, எனக்கு இங்கிலிஷ் வாசிக்கத் தெரியாது. நீர் எழுதினதை என்ரை மகள்தான் வாசிச்சுச் சொன்னவ. வாசிக்கேக்கை இடையிலை நிப்பாட்டிப்போட்டா. மிச்சம் என்னெண்டு இண்டைவரைக்கும் சொல்லேல்லை. நீர் சொல்லும், என்ன எழுதினனீர்?"

"வந்து பாக்கச் சொல்லித்தானே எழுதினனி?" என்றார் அப்பா என்னிடம்.

நான் ஃபோனைத் திறந்தேன். ஆங்கிலத்தில் எழுதும்போது அந்தச் சொற்கள் வழக்கறிஞர் கடிதம் போல மிடுக்காகத் தெரிந்தன. நடு ட்ரைவ்வேயில் நின்று தமிழில் சொல்லும்போது அவை வேறாக இருந்தன. "தெரிஞ்சுகொண்டே எங்களை ஏமாத்தியிருக்கிறீங்கள்" என்றேன். "படிப்பில்லாத ஆக்களைப் பாத்து ஏமாத்திறது உங்களை மாதிரி ஆக்களின்ரை தொழில்" என்றேன். கடைசி வரி, அவர் பிள்ளைகள் வெட்கப்பட வேண்டும் என்பது. பாதியில் நிறுத்திவிட்டு, திரும்பவும் தொடங்கிச் சொல்லி முடித்தேன்.

அம்மா கதவைச் சாத்தாமல் அப்படியே நின்றார்.

"உது பிழையெண்டு இப்பவே எழுதும்" என்றார் வந்தவர். "அதே இங்கிலிஷிலை. மகள் வாசிக்கோணும்."

நின்ற இடத்திலேயே எழுதினேன். அவருடைய சட்டைப் பையில் ஃபோன் ஒலித்தது. அவர் அதை எடுத்துப் பார்க்கவில்லை. ஏணியைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த கிழமை ஊறிய தரையை வெட்டி எடுத்து நானும் அப்பாவும் புதுப் பலகை போட்டோம். கடைசிப் பலகையை அழுத்திப் பிடித்தபடி அப்பா சொன்னார்: "இனி ஆருக்கு என்ன எழுதினாலும் எனக்குச் சொல்லிக்காட்டிப்போட்டு அனுப்பு."

எனக்குச் சுட்டது. அதுவரை அவர் என்னைச் சரிபார்த்ததில்லை. ஆனாலும், கதவு ரப்பரைப் பிழையான அளவில் அனுப்பிய கடைக்கு எழுதியதை மறுநாள் அவருக்கு வரிவரியாகத் தமிழில் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"தயவுசெய்து எண்டு எங்கையும் இருக்கோ?"

"இல்லை."

"போடு."