துரையின் நாற்காலி

"கொஞ்சப் பேரா வந்த வெள்ளைக்காரனுக்கு ஒரு நாடே எதுக்குப் பிள்ளைகளா கைகட்டி நின்னுச்சு?" ஆலங்குளத்தில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியையாக இருந்தபோது, வரலாற்றுப் பாடத்தில் இதை நான் கேலியாகத்தான் கேட்பேன்.

எண்பதுகளில் ஒரு சாரல் நாளில் பிள்ளைகளைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனேன். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் வாழ்ந்த பழைய பங்களாவை, பிள்ளைகள் தொட்டுப் பார்த்துப் படிக்கட்டும் என்று காட்சிக்கூடமாக வைத்திருந்தார்கள். கூரையில் நீளமான துணி விசிறி தொங்கியது. அதை இழுத்து ஆட்டுகிற கயிற்றை முருகன் கையில் கொடுத்தேன். வகுப்பில் வாயே திறக்காத செல்வியைத் துரையின் நாற்காலியில் உட்காரவைத்தேன்.

"துரை போதும்னு சொன்னாத்தான் நிறுத்தணும், என்னா?" என்றேன் முருகனிடம்.

எல்லோரும் சிரித்தார்கள். விசிறி கிறீச்சிட்டு அசைந்தது. செல்வி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். சிரிப்பு மெல்ல அடங்கியது. வெளியே மேகம் இறங்கி, கூடம் இருண்டுபோனது.

"கை வலிக்கி டீச்சர்" என்றான் முருகன்.

"ஏலே, நிறுத்தாத! துரை இன்னும் சொல்லல" என்று அவன் கூட்டாளியே அதட்டினான்.

செல்வி கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். நான் கயிற்றைப் பிடுங்கியிருக்கலாம். ஏனோ நாற்காலிக்கு முன்னால் போய் நின்றேன்.

"போதும்னு சொல்லுங்க" என்றேன்.

தினமும் நான் 'ஏட்டி' என்று கூப்பிடுகிற பிள்ளை அவள். நான் மரியாதை போட்டுப் பேசியதற்கு ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

செல்வி நிதானமாகக் கண்ணைத் திறந்தாள்.

"இன்னுங் கொஞ்ச நேரம்."

முருகன் இழுத்தான். அப்போதுதான் குனிந்து பார்த்தேன். நான் கைகட்டி நின்றிருந்தேன்.

அந்தக் கேள்வியை அதற்குப் பிறகு எந்த வகுப்பிலும் நான் கேட்டதில்லை.