பின்னாடி என்று சொன்னேன்

என் மனைவியின் தம்பிக்கு வலது முழங்கால் இப்போது ஐம்பத்தைந்து பாகைதான் மடங்குகிறது. போன மாதம் நாற்பத்தெட்டு. அளந்தவன் நான். நில அளவை அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன் வீட்டில் கோணமானி எப்போதும் இருக்கும்.

அவர் என்னை மாமா என்பார். நான் மச்சான் என்பேன். இருபத்தெட்டு வருடம் எல்லைப் பாலம் தாண்டி சிங்கப்பூர் தொழிற்சாலைக்கு மோட்டார் சைக்கிளில் போய்வந்த மனிதர். ஓய்வு பெற்றதும் நான்கு சக்கரமும் இழுக்கிற ஒரு பழைய ஜீப் வண்டியை வாங்கினார். பெக்கோக் பக்கம் செம்பனைத் தோட்டம் முடிகிற இடத்திலிருந்து ஆறு வரை ஒரு மண்பாதை போகிறது. மழை பெய்தால் அது பாதையே இல்லை. அதில் ஓட்டுவதுதான் அவருக்குச் சந்தோஷம். ஞாயிறுகளில் நானும் கூடப் போவேன். நான் ஓட்டுவதில்லை. எண்ணுவேன்.

சேற்றில் ஒரு சக்கரம் வழுக்கிச் சுற்ற ஆரம்பித்தால், அதே அச்சில் இருக்கிற மற்ற சக்கரம் சும்மா நின்றுவிடும். வண்டியின் அமைப்பு அப்படி. இரண்டையும் சேர்ந்தே சுற்ற வைக்க அச்சின் நடுவில் ஒரு பூட்டு வைக்கலாம். ஓட்டுநர் பக்கத்தில் உள்ள பட்டனைத் தட்டினால் பூட்டிக்கொள்ளும், மறுபடி தட்டினால் திறந்துகொள்ளும். மச்சானுக்கு அப்படி ஒரு பூட்டு கிடைத்தது. ஒன்றே ஒன்று. அந்த வண்டியில் முன் அச்சும் பின் அச்சும் உள்ளே ஒரே மாதிரி என்பதால் எதில் வேண்டுமானாலும் மாட்டலாம். அதுதான் சிக்கலாகிவிட்டது.

"மாமா, நீங்க கணக்குப் பார்த்துச் சொல்லுங்க. கூட ஓட்டுற கூட்டத்துல ஆளுக்கு ஒண்ணு சொல்றானுங்க, தலை சுத்துது," என்றார்.

நான் மூன்று ஞாயிறு அந்தப் பாதையை அளந்தேன். ஏற்றம் பதினான்கு. பாதை ஒரு பக்கமாகச் சாய்ந்து போகும் சரிவுகள் ஒன்பது. ஏற்றம் ஒவ்வொன்றின் கோணம், வேர்கள் எத்தனை, எங்கே முன் சக்கரம் படியேற வேண்டும், எல்லாம் குறித்தேன். ஏறும்போது பாரம் பின்னுக்குப் போகும், அதனால் பின் அச்சுதான் நல்லது என்று கூட்டத்தில் பலர் சொன்னார்கள். அதுவும் நியாயம்தான். ஆனால் சாய்ந்த இடத்தில் பின் சக்கரங்கள் பூட்டியபடி இருந்தால் வண்டியின் வால் பள்ளத்துப் பக்கம் வழுக்கும். முன் அச்சில் போட்டால் ஸ்டியரிங் இறுகும், மச்சானின் தோளுக்கு அது ஆகாது. இப்படியே ஒன்பது பக்கம் எழுதினேன்.

ஒரு வியாழக்கிழமை காலை பத்தே காலுக்கு குளுவாங் ஊரில் இருக்கும் வண்டிப் பட்டறையிலிருந்து மச்சான் போன் செய்தார்.

"மாமா, வண்டி மேல தூக்கியாச்சு. முன்னாடியா, பின்னாடியா?"

எனக்கு இன்னும் நான்கு பக்கம் மீதி இருந்தது. "என்னப்பா அவசரம். பின்னாடி போட்டுக்கலாமே," என்றேன். இன்னொரு நாள் பார்க்கலாம் என்றுதான் நான் சொன்னது.

"ஓகே லா மாமா. பின்னாடி," என்று வைத்துவிட்டார்.

சனிக்கிழமை வீட்டுக்கு வந்தார். "போட்டாச்சு மாமா, நீங்க சொன்ன மாதிரியே பின்னாடி. மெக்கானிக் கேட்டாரு, யாரு சொன்னதுன்னு. எங்க மாமா அளந்து பார்த்துச் சொன்னாருன்னு சொன்னேன். வாயே தொறக்கல."

என் மனைவி உள்ளேயிருந்து, "உன் மாமா அரிசியக்கூட எண்ணித்தான் ஒலையில போடுவாரு," என்றாள். மூவரும் சிரித்தோம். மேசைமேல் என் நோட்டு கடைசிப் பக்கம் திறந்தபடி கிடந்தது. முந்தின நாள்தான் கணக்கு முடிந்திருந்தது. அந்தப் பக்கத்தில் 'முன் அச்சு' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருந்தேன். அதற்கு மேலேயே, பின் அச்சில் போட்டால் ஒன்பது சரிவிலும் பூட்டைத் திறந்துவிட வேண்டும் என்ற குறிப்பும், அந்த ஒன்பது இடங்களின் பட்டியலும் இருந்தன.

காபிக் கோப்பையை எடுத்து நோட்டின்மேல் வைத்தேன்.

பட்டியலை மட்டுமாவது காட்டியிருக்கலாம். காட்டினால் மேலே இருப்பதையும் கீழே இருப்பதையும் சேர்த்துப் படிப்பார். அளந்து சொன்ன மாமா அளக்காமலே சொன்னவராகிவிடுவார். எழுபத்திரண்டு வயதில் அவ்வளவு சின்னப் பெருமை எனக்குத் தேவைப்பட்டது.

அடுத்த ஞாயிறு போனோம். முந்தின நாள் மழை. எட்டாவது ஏற்றத்தில் மச்சான் பட்டனைத் தட்டினார். வண்டி முனகிக்கொண்டு ஏறிவிட்டது. "பாத்தீங்களா மாமா," என்று என் தொடையில் தட்டினார். அந்த ஏற்றத்துக்கும் என் பட்டியலின் ஆறாவது சரிவுக்கும் நடுவே நாற்பது மீட்டர் சமதளம். பட்டன் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. நோட்டு என் சட்டைப்பையில் இருந்தது. திறந்துவிடுங்கள் என்று சொன்னால் ஏன் என்பார். ஏன் என்றால் என்ன சொல்வது? அந்த நாற்பது மீட்டரும் நான் இதைத்தான் யோசித்தேன். பழக்கதோஷத்தில் எண்ணவும் செய்தேன். பதினொரு வினாடி.

வால் வலது பக்கம் இறங்கியது. வேகமாகக்கூட இல்லை. வண்டி மெதுவாகச் சாய்ந்து ஒரு மரக்கட்டையில் இடித்து நின்றது. அவர் பக்கத்துக் கதவு உள்ளே வந்து முழங்காலை நசுக்கியது. எனக்கு மூக்குக்கண்ணாடி மட்டும் போனது.

காலுக்குள் ஒரு தகடு, ஆறு திருகு. நான்கு மாதமாயிற்று. கதவை மாற்றி வண்டியை அவர் வீட்டு வாசலில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறார்கள்.

போன செவ்வாய் அவர் வீட்டில் அவர் முழங்காலை அளந்துகொண்டிருந்தேன். பிளாஸ்டிக் முக்காலியில் கால். "மாமா, வண்டிய கொடுத்துடலாம்னு இருக்கேன்," என்றார்.

"ஏன்?"

"கை போச்சு மாமா. லாக்கு சரியான எடத்துலதான் இருந்துச்சு, அளந்து போட்டது. அப்படியும் சாச்சுட்டேன்னா, இனிமே நான் ஓட்டக்கூடாது. பசங்க சொல்றானுங்க, அங்கிள் இனி பார்க்கிங்ல மட்டும் ஓட்டட்டும்னு."

சிரித்தபடிதான் சொன்னார். எனக்குக் கோணமானியின் எண்கள் தெரியவில்லை. அந்த மனிதருக்கு அந்த ஞாயிறுகளை விட்டால் வேறு என்ன இருக்கிறது?

சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுத்தேன். போனில் சொன்ன 'பின்னாடி' எந்தப் பின்னாடி என்பதையும் சொன்னேன். கோப்பை வைத்ததைச் சொன்னேன். பதினொரு வினாடியையும் சொன்னேன்.

அவர் கடைசிப் பக்கத்தில் இருந்த பட்டியலை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு வந்தார். கோப்பையின் வட்டக் கறை அதில் இன்னும் இருக்கிறது.

"ஆறாவது எடம்," என்றார்.

"ஆமா."

"பதினொண்ணா மாமா? அஞ்சு போதுமே எனக்கு."

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். காலை முக்காலியிலிருந்து இறக்கி, ஒரு பெருமூச்சு விட்டு, "அப்போ என் கை இல்ல," என்றார்.

"உங்க கை இல்ல மச்சான்."

போனை எடுத்தார். மெக்கானிக்கின் குரல் கேட்டதும் அதை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "நீங்களே சொல்லுங்க. நடுவுல நான் வேணாம்."

மெக்கானிக் மலாய்க்காரர். பூட்டை மாற்றிப் போட வேண்டும் என்று மலாயில் சொல்லி, "தெப்பான்," என்றேன். முன்னால் என்று அர்த்தம்.

"மிங்கு தெப்பான்?" என்று கேட்டார். அடுத்த வாரமா என்கிறார். அவர்கள் மொழியில் அடுத்து வருவதற்கும் அதே சொல்தான்.

மச்சான் சிரித்துவிட்டு, வலித்ததால் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். "இன்னும் ஒரு காலு பாக்கி இருக்கு மாமா. பாத்துச் சொல்லுங்க."

"தாயர் தெப்பான்," என்றேன். முன் டயர். இரண்டு தடவை சொன்னேன். மெக்கானிக்கையும் திருப்பிச் சொல்ல வைத்தேன். எப்போது என்று கேட்டார். பின்னாடி சொல்கிறேன் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"எசோக்," என்றேன். நாளை. அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் கிடையாது.

பிறகு வாசலுக்குப் போய்த் தார்ப்பாயை விலக்கினேன். பதினாறு முடிச்சு. நான்கு மாதம் ஓடாத வண்டி, பேட்டரி செத்திருந்தது. நாளை என்றால் இழுத்துப் போக இன்றே ஆள் தேட வேண்டும்.