போன் இல்லாத ஊர்களில் பாட்டுப் பெட்டி

கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறவனின் நிம்மதி முழுக்க ஒரு 'பீப்' சத்தத்தில் இருக்கிறது. பட்டனை அழுத்தியதும் அது ஒரு தடவை அடித்தால் பிழைத்தோம், விடாமல் அடித்தால் அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு கிடையாது.

தொண்ணூறுகளின் கடைசியில் காந்திபுரத்தில் ஒரு மாடிக் கடையில் நானும் சலீமும் இந்தப் பிழைப்பில் இருந்தோம். மெஷினுக்கு உள்ளே நடப்பது என் பொறுப்பு. ஒயர், ஸ்பீக்கர், டிவி எல்லாம் சலீம். அப்போது நாங்கள் புதிதாக ஒன்று செய்து கொடுக்க ஆரம்பித்தோம். வீட்டில் குவிந்து கிடக்கும் ஆடியோ கேசட், கல்யாண வீடியோ கேசட் எல்லாவற்றையும் ஓடவிட்டு, கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிவிடுவோம். அந்தக் கம்ப்யூட்டரை ஸ்பாஞ்ச் வைத்த பிளைவுட் பெட்டிக்குள் பொருத்தி, மேலே ஒரு கைப்பிடி. வீட்டு டிவியில் ஒயரைச் சொருகினால் படம், ஸ்பீக்கரில் சொருகினால் பாட்டு. எங்கே வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம். நாங்கள் அதற்கு ஒரு இங்கிலீஷ் பெயர் வைத்திருந்தோம். வாங்கினவர்கள் எல்லோரும் பாட்டுப் பெட்டி என்றார்கள், அதுவே நிலைத்துவிட்டது.

வீட்டில் ஏதாவது ஒரு மெஷினை வைத்துக்கொண்டு, விருந்தாளி வருகிற நாளாகப் பார்த்து அது மக்கர் செய்து, அதன் தலையில் தட்டிப் பார்த்தவர் யாராக இருந்தாலும் இதைப் படிக்கலாம். நாமெல்லாம் ஒரே சாதி.

பக்கம் மாற்றும் வேலை

முதல் பெட்டி போத்தனூருக்குப் போனது. ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டயரான ஒருவர் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் இருந்தார். அவருக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு பாட்டு. கேசட்டில் ஒரு பக்கம் முடிந்ததும் மாற்றிப் போட வேண்டும், அவரால் எழ முடியாது. அவர் மனைவி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்து மாற்றிப் போட்டுவிட்டுப் போவார். குக்கரில் பருப்பு வைத்தால்கூட விசிலை எண்ண விடமாட்டார் மனுஷன் என்று எங்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னார் அந்த அம்மா. சிரிப்பு என்னவோ சிரிப்புதான், ஆனால் கால் நரம்பு புடைத்திருந்தது.

அலமாரி நிறைய இருந்த கேசட்டுகளை ஏற்றி, பெட்டியைக் கட்டில் பக்கத்தில் வைத்தோம். ஆன் செய்தேன், பீப் அடித்தது, டிவி திரையில் பாட்டு ஓடுவதாகக் காட்டியது. சத்தம் மட்டும் வரவில்லை. வால்யூமைத் திருகினேன், திரும்ப ஆன் செய்தேன், கவுண்ட் கார்டு போய்விட்டதோ என்று பெட்டியைப் பிரிக்கவே ஆரம்பித்துவிட்டேன். அதாவது சவுண்ட் கார்டு. பதற்றத்தில் அன்றைக்கு நான் அப்படித்தான் உளறினேன். பெரியவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது. சலீம் பின்னால் எட்டிப் பார்த்தான். சவுண்ட் கார்டின் மூன்று ஓட்டையும் ஒரே மாதிரி இருந்த காலம் அது. ஸ்பீக்கர் ஒயரை மைக் ஓட்டையில் சொருகியிருந்தோம். பிடுங்கிப் பக்கத்து ஓட்டையில் சொருகியதும் நாதஸ்வரம் வீட்டையே தூக்கியது.

ஒரு பாட்டு முடிந்து இன்னொன்று தானாக வந்தது. பழக்க தோஷத்தில் சமையலறையிலிருந்து ஓடிவந்த அந்த அம்மா வாசலில் நின்று பார்த்தார். நாங்கள் யாரும் எதையும் தொடவில்லை என்று புரிந்ததும், கட்டிலுக்குப் பக்கத்திலிருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இத்தன வருசமா இந்தப் பாட்டையெல்லாம் பாதிப் பாதியாத்தானுங்க கேட்டிருக்கேன்."

ஜன்னலோரத்து சீட்டு

கருமத்தம்பட்டிக்குப் பெட்டியை பஸ்ஸில் கொண்டுபோனேன். மேலே கேரியரில் போடச் சொன்னார் கண்டக்டர். ஹார்ட் டிஸ்க் குலுங்கினால் இத்தனை வாரம் ஏற்றியதெல்லாம் போய்விடும். மடியில் வைத்தால் முன்னால் இருப்பவர் முதுகில் இடித்தது. பக்கத்து சீட்டு காலியாக இருந்ததால் அதில் வைத்து, குழந்தையைப் பிடிப்பதுபோலக் கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டேன். உள்ளே என்ன என்று கண்டக்டர் கேட்டார். பாட்டு, படம், கல்யாண வீடியோ எல்லாம் இருக்கிறது, குலுங்கக் கூடாது என்று விளக்கினேன். பெட்டியை ஒரு சுற்றுப் பார்த்தார், தடுத்துக் கீழே இறக்கிவிடுவாரோ என்று பிடியை இன்னும் இறுக்கிக்கொண்டேன். அவர் பையிலிருந்து சில்லறையை எடுத்தபடியே முடிவைச் சொன்னார். "ஜன்னலோரம் உக்காந்து காத்து வாங்கிட்டு வருதில்லீங்களா, அதுக்கும் ஒரு டிக்கெட் எடுத்துப்போடுங்க."

கனெக்சன் எங்கே?

அந்தப் பெட்டியை வாங்கியவர் செல்லமுத்து. கருமத்தம்பட்டியில் சொந்தமாக விசைத்தறி ஓட்டுகிறவர், யாரையும் சீக்கிரம் நம்ப மாட்டார். நான் போவதற்கு முன்பே அவர் மைத்துனர் ஒருவர், டவுனில் வேலை பார்க்கிறவர், கம்ப்யூட்டர் என்றால் இண்டர்நெட் வேண்டும், இண்டர்நெட் என்றால் போன் வேண்டும், போன் இல்லாத வீட்டில் கம்ப்யூட்டர் வெறும் டப்பா என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். செல்லமுத்து வீட்டில் போன் இல்லை. எழுதிக் கொடுத்து வருஷக்கணக்கில் காத்துக்கொண்டிருந்தார். கம்பம் மட்டும் தெருமுனை வரைக்கும் வந்து நின்றிருந்தது.

ஏமாந்துவிட்டோம் என்கிற முகத்தோடு என்னை வரவேற்றார். எல்லாம் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது, வெளியிலிருந்து ஒன்றும் வர வேண்டியதில்லை என்று சொன்னேன். அப்படியென்றால் பாட்டு எந்த வழியாக வருகிறது என்று கேட்டார். நெல்லை மூட்டையில் கட்டி வீட்டுக்குள் வைத்துக்கொண்டால் தினமும் கடைக்குப் போக வேண்டுமா என்று கேட்டேன். யோசித்தார். ஆனாலும் பெட்டியைத் தூக்கச் சொல்லி, அடியில் ஒயர் ஏதாவது சுவருக்குள் போகிறதா என்று குனிந்து பார்த்தார். கரண்ட் ஒயரையும் டிவி ஒயரையும் தவிர வேறில்லை. அவர் மகளுடைய பிறந்தநாள் வீடியோவைப் போட்டேன். அதில் அவரே கேக்கை ஊட்டிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் தன்னையே பார்த்தவர், எழுந்து வாசலுக்குப் போய்த் தெருமுனைக் கம்பத்தைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "போன்காரவிய மெல்ல வரட்டுமுங்க. இனி போன் வந்தா பேசறதுக்கு மட்டும் வெச்சுக்கலாம்."

தறி ஓடினால் படம் ஓடாது

அதே மகளுக்குக் காதுகுத்து. வாசலில் பந்தல் போட்டு, டிவியை வெளியே வைத்து, சொந்தக்காரர்கள் முன்னால் பெட்டியை ஓட்ட வேண்டும் என்று என்னை வரச் சொல்லியிருந்தார் செல்லமுத்து. அந்த மைத்துனரும் முன்வரிசையில் இருந்தார். படம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் பக்கத்துக் கொட்டகையில் தறிகள் ஒன்றாகக் கிளம்பின. வோல்டேஜ் படுத்தது, பெட்டி அணைந்து மறுபடி தானாக எழுந்தது. நீலத் திரை வந்து, டிஸ்க்கைச் சோதிக்கிறேன் என்று மஞ்சள் பட்டை நகர ஆரம்பித்தது. கூட்டம் அதையும் அமைதியாகப் பார்த்தது. முடிந்து படம் வந்தது, மறுபடி தறி, மறுபடி நீலம். மைத்துனர் திரும்பி என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. இன்னும் இரண்டு தடவை இப்படி அணைந்தால் டிஸ்க்கே போய்விடும் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

செல்லமுத்துவிடம் மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். பக்கத்துக் கொட்டகைக்காரரோடு அவருக்குத் தண்ணீர்க் குழாய் விஷயத்தில் பேச்சுவார்த்தை இல்லை. காதுகுத்துக்குக்கூட அழைக்கவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டார், திரும்ப எடுத்தார், பிறகு மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனார். என்ன பேசினார்களோ தெரியாது. ஒவ்வொரு தறியாக நின்றது. நான் அந்த ஊரில் அப்படியொரு அமைதியை அதுவரை கேட்டதில்லை. பஞ்சு ஒட்டிய தலையோடு தறிக்காரர்கள் வரிசையாக வந்து பந்தலில் உட்கார்ந்தார்கள். கடைசியாக அந்த வீட்டுக்காரரும் வந்தார். குழந்தையை அவர்தான் தூக்கி வந்தார். படம் கடைசி வரை ஓடியது. சாப்பாட்டுப் பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த தறிக்காரர் ஒருவர் காதோரம் கேட்டார். "ஏனுங்க, இந்தப் பொட்டி அடுத்த வாட்டி எப்பங்க வரும்?"

சீரியலுக்கு அடியில் போன கல்யாணம்

இது சூலூரில் நடந்தது. ராஜேஸ்வரி அம்மா என்று ஒருவர். வீட்டில் தெலுங்கு, எங்களிடம் கொங்குத் தமிழ். மகள் கல்யாண கேசட்டை எங்களிடம் கொடுத்துப் பெட்டியில் ஏற்றி வாங்கியிருந்தார். அந்தக் கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார். ஒரே மகன் தாலி கட்டியதை அவர் பார்க்கவில்லை. அவர்கள் வீட்டுக் காப்பியோ டெக்கில் சிக்கி நைந்துபோய்விட்டது. உடம்பு தேறி, ஞாயிற்றுக்கிழமை தாராபுரத்திலிருந்து ராஜேஸ்வரி அம்மா வீட்டுக்கு வருகிறார், வீடியோ பார்க்கத்தான் வருகிறார்.

ஞாயிறு காலை ராஜேஸ்வரி அம்மாவிடமிருந்து போன். பெட்டியில் ஏதோ இங்கிலீஷில் எழுதிவிட்டு நின்றுவிட்டது என்றார். பரவாயில்லை, கேசட் இருக்கிறதே, டெக்கில் போட்டுக் காட்டுங்கள் என்றேன்.  அவர் மெதுவாகச் சொன்னார்: கல்யாணம்தான் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறதே என்று அந்த கேசட்டில் சீரியல் பதிந்துவிட்டாராம்.

நானும் சலீமும் ஸ்கூட்டரில் பறந்தோம். நாங்கள் போகும்போது சம்பந்தி ஏற்கெனவே வந்து ஹாலில் உட்கார்ந்திருந்தார். மெலிந்துபோன மனிதர், கையில் ஊன்றுகோல். வீட்டில் யாரும் அவரிடம் விஷயத்தைச் சொல்லவில்லை, மாற்றி மாற்றிக் காபி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆன் செய்தால், டிஸ்க் என்று ஒன்று இருப்பதே தெரியாத மாதிரி மெஷின் பேசியது. மகள் கதவோரம் நின்று தன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டியைத் திறந்து டிஸ்க்கில் காதை வைத்தேன். சுற்றுகிற சத்தம் கேட்டது. உயிர் இருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தால், டிஸ்க்குக்குப் போகும் பட்டை ஒயரை எலி கடித்திருந்தது. பெட்டிக்குக் காற்றுப் போக நாங்கள் விட்டிருந்த ஓட்டை வழியாக வந்திருக்கிறது. சலீம் பையில் மாற்று ஒயர் வைத்திருந்தான். மாற்றிவிட்டுப் பட்டனை அழுத்த எனக்குக் கை வரவில்லை, அவன்தான் அழுத்தினான். பீப், ஒரே ஒரு தடவை. ராஜேஸ்வரி அம்மா எல்லோருக்கும் இன்னொரு சுற்றுக் காபி கொண்டுவந்தார்.

சம்பந்திக்கு எதுவும் தெரியாது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். மகன் தாலி கட்டும் இடத்தில் திரை முழுக்க அவன் முகமும் விரல்களும்தான். நிறுத்தி இன்னொரு தடவை போடச் சொன்னார், போட்டோம். பிறகு சம்பந்தியம்மாவைப் பார்த்துச் சொன்னார். "நேருல வந்திருந்தாக்கூட இத்தன கிட்டப் பாத்திருக்க மாட்டேனுங்க, போட்டோக்காரன் முதுகத்தான் பாத்திருப்பேன்."

இரண்டு அறை, ஒரு மாப்பிள்ளை

சலீமின் தங்கை நஸீமாவுக்கு நிக்காஹ். வீடு உக்கடத்துப் பக்கம், நெருக்கமான தெரு. ஆண்கள் கீழே பந்தலில், பெண்கள் மாடியில். மணப்பெண் மேலே இருக்க, மாப்பிள்ளை கீழே 'கபூல்' என்று சம்மதம் சொல்வார். மேலே இருப்பவர்களுக்கு அது யாராவது ஓடிவந்து சொன்னால்தான் தெரியும். நஸீமா அண்ணனிடம், ஊருக்கெல்லாம் ஒயர் இழுக்கிறாயே, எனக்கு ஒன்று இழுக்க மாட்டாயா என்று கேட்டிருக்கிறாள். சலீம் அவன் அத்தாவிடம், அதாவது அப்பாவிடம், தயங்கித் தயங்கிச் சொன்னான். அவர் பெரியவர்களைக் கலந்துகொண்டு, பந்தலில் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் செய்துகொள்ளச் சொன்னார்.

கீழே காமிரா, நடுவில் எங்கள் பெட்டி, அங்கிருந்து மாடி டிவிக்கு ஒயர். ஒயர் நீளமானதால் படம் முதலில் கறுப்பு வெள்ளையானது, பிறகு உருண்டது. மாப்பிள்ளை கார் தெருவில் நுழைந்துவிட்டது. சலீம் மாடிப்படியில் உட்கார்ந்து, சுற்றி வளைத்திருந்த ஒயரை அறுத்துக் குறுக்கி, ஜன்னல் வழியாக நேராக விட்டான். நல்ல சட்டை முழுக்கச் சுண்ணாம்பு. மேலேயிருந்து பெண்களின் சத்தம் சட்டென்று அடங்கியது. படம் வந்துவிட்டது என்று அதை வைத்துத்தான் தெரிந்துகொண்டோம்.

எல்லாம் முடிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நஸீமா மாடியிலிருந்து சலீமைக் கூப்பிட்டாள். படம் தெளிவாக இருந்ததா, கலர் சரியாக வந்ததா என்று அவன் தொழில் விசாரணையை ஆரம்பித்தான். அவள் சொல்ல வந்தது வேறு. "கபூல் சொல்றப்ப அவருக்குக் குரல் நடுங்குச்சுண்ணா. நான் ஒருத்திதான் பயந்துட்டு இருக்கேன்னு நெனச்சுட்டு இருந்தேன்."

ஆக, அந்தத் தொழிலில் நான் கண்டது இவ்வளவுதான்: ஓடினால் புகழ் மாப்பிள்ளைக்கு, நின்றால் ஏச்சு எனக்கு, யாரும் எதுவும் சொல்லாமல் இலை போட்டு உட்காரச் சொன்னால் அன்றைக்குத் தப்பித்தேன் என்று அர்த்தம்.