சேவியர் சார் அனுப்பிய மின்னஞ்சல்

எனக்குத் துரோகம் செய்தவர் யார் என்று கேட்டால் முதல் பெயர் சேவியர் சார். அரசாங்க அலுவலகத்தில் கோப்பு தூக்குகிறவனுக்கு முதுகு போவது சகஜம். எனக்குப் பெயரும் போனது இவரால்தான். மேலதிகாரி சொன்னதைச் செய்துவிட்டு, பிறகு தனியாக நின்றவர்கள் உங்களிலும் இருப்பார்கள். அவர்களுக்குத்தான் இது.

பின்னறை

பின்னறை முழுக்கப் பெட்டி பெட்டியாகப் பழைய கட்டட அனுமதிக் கோப்புகள். அந்த இடத்தில் கூட்ட அறை வேண்டும் என்று சேவியர் சார் அவசரப்பட்டார். எழுத்தர் மீனாவுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். எனக்கு ஆங்கிலம் படிக்க வராது. மீனாதான் திரையைப் பார்த்துத் தமிழில் சொன்னாள். பெட்டிகள் எல்லாம் போகலாம், பிரித்துப் பார்க்க வேண்டாம் என்று இருந்தது.

காகிதக் காலத்தில் இப்படி ஓர் உத்தரவு கையெழுத்தோடு வரும். அந்தப் பழக்கத்தில் சாரிடம் போய், அச்சடித்துக் கையெழுத்துப் போட்டுத் தரும்படி கேட்டேன். சிரித்தார். "எதுக்குண்ணே பேப்பரை வேஸ்ட் பண்றீங்க? இமெயில்ல இருக்குல்ல, அது எங்க போயிடப் போகுது?"

கடைக்காரர்

ஜாலான் புசார் தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் ஒருவர் வந்தார். கடையின் பின்கட்டை அவர் அப்பா அனுமதி வாங்கித்தான் கட்டினார் என்று காட்ட வேண்டும், இல்லாவிட்டால் இடிக்க வேண்டிவரும். அந்தக் கோப்பு, சார் சொன்னபடி நான் அரைக்க அனுப்பிய பெட்டிகளோடு போய்விட்டது. அவர் சத்தம் போடவில்லை. காலியான அறையை எட்டிப் பார்த்தார். "நாங்க ஒரு ரசீதைத் தொலைச்சா சும்மா விடமாட்டீங்க. நீங்க ஒரு ரூமையே தொலைச்சிட்டு நிக்கிறீங்களே லா."

விசாரணை

அவர் புகார் கொடுத்தார். விசாரணையில் சேவியர் சார், உடைந்த மேசை நாற்காலிகளைத்தான் எடுக்கச் சொன்னதாகச் சொன்னார். மீனா அந்த மின்னஞ்சலைத் தேடினாள். இடம் நிரம்பியதால் பழையவை தானாக அழிந்திருந்தன. சாருடைய அஞ்சல் பெட்டியிலும் இல்லை. தனக்கு நன்றாக நினைவிருக்கிறது என்றாள். நினைவு போதாது என்றார்கள். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அது மட்டும் ஒழுங்காகக் கோப்பில் ஏறியது. ஓய்வு வயதுக்குப் பிறகும் வேலையில் வைத்துக்கொள்ளும்படி கேட்டபோது, அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு முடியாது என்றார்கள்.

கடைசி நாளில் மீனா எங்கள் அலுவலக விதியைப் படித்துச் சொன்னாள். முடிவைச் சொல்லும் மின்னஞ்சலும் ஆவணம்தான், கோப்பில் ஏற்ற வேண்டும். சாப்பிடக் கூப்பிடுவது போன்றதை அழிக்கலாம். எது எந்த வகை என்று யார் பார்ப்பது என்று கேட்டேன். அந்த வரியைத் தேடிப் படித்தாள். "அனுப்பினவங்களேதான் பார்த்து முடிவு பண்ணணும் அங்கிள்."

சமாதானம்

இதை நிறைய யோசித்திருக்கிறேன். அந்தக் காலத்து அதிகாரி தன் கடிதத்தைத் தானே ஒழிக்க நினைத்தாலும் சுலபமில்லை. நாலு பேர் கை மாறித்தான் அது அலமாரிக்குப் போயிருக்கும். இப்போது எழுதுவதும் ஒரே விரல், அழிப்பதும் அதே விரல்.

சேவியர் சாரும் நானும் ஒரே பங்குக் கோயில். ஞாயிறு தமிழ்ப் பூசைக்கு மார்சிலிங் வீட்டிலிருந்து போவேன். போன மாதம், ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில், முன்வரிசையிலிருந்து சார் திரும்பி என்னைக் கும்பிட்டார். நான் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். பூசை முடிந்து வாசலில் பிடித்துக்கொண்டார். பெட்டிகளை அனுப்பச் சொன்னது நீங்கள்தான் என்று அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதுங்கள், என் பெயர் சரியாகும் என்றேன். தோளில் கை வைத்தார். "அதெல்லாம் எப்பவோ அழிஞ்சுபோச்சுண்ணே. நீங்க ஏன் இன்னும் வச்சுக்கிட்டு இருக்கீங்க?"

எழுதியவரும் வைக்கவில்லை, அலுவலகமும் வைக்கவில்லை என்றால், அவர் தர வேண்டிய அந்த ஒரு வரி வந்து சேரும்வரை யாராவது ஒருவர் வைத்திருக்க வேண்டாமா?