இறக்கை முளைத்த கார்

எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. அவருக்கும் என்னைப் பிடிக்கவில்லை. நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் ஷ்லீரன் நகரில் பழைய கார்களைச் சோதித்து அனுமதி கொடுக்கும் யாழ்ப்பாணத்தவர். அறுபது வயது, ஒட்ட வெட்டிய மீசை. காரைத் தொடுவதற்கு முன்னும் மனிதருக்குக் கைகொடுத்த பின்னும் கைக்குட்டையால் விரல்களைத் துடைப்பார்.

மகளின் கலியாணத்துக்காக அறுபத்திரண்டாம் ஆண்டு அமெரிக்கக் கார் ஒன்றை வாங்கியிருந்தேன். பெரிதுமில்லை, சிறிதுமில்லை, என்னைப் போல நடுத்தரம். அமெரிக்கக் காரென்றால் பின்னால் இறக்கை வேண்டும், வீடியோவில் அதுதானே எடுப்பாகத் தெரியும் என்று, தகரத்தில் இரண்டு செய்வித்துப் பூட்டியிருந்தேன்.

அவர் காரின் பின்னால் குந்தினார்.

"ஆர் காணும் இதைப் பூட்டினது?"

"நான்தான் அண்ணை. வடிவாயிருக்கெல்லோ?"

"இறக்கை வேண்டாமெண்டு செய்தவங்களே வெட்டி எறிஞ்ச காலத்துக் கார் இது. காரைக் குறுக்கி, பக்கவாட்டிலை முன்னுக்கிருந்து பின்னுக்கு ஒரே கோடாய் இழுத்திருக்கிறாங்கள். நீர் அதுக்குக் கொம்பு வைச்சிருக்கிறீர். அனுமதி இல்லை."

"சனிக்கிழமை கலியாணம் அண்ணை."

"அப்ப பொம்பிளை ட்ராமிலை வரட்டும்."

அவரைத் திட்டியபடியே இறக்கைகளைக் கழற்றி, துளைகளை அடைத்து, வெள்ளிக்கிழமை மறுபடி போனேன். பின்னால் ஒருமுறை குந்திப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் ஓர்லிகோன் கலியாண மண்டப வாசலில் அவரே நின்றார். மாப்பிள்ளை வீட்டு விருந்தாளியாம். நான் நீட்டிய கையைக் கவனிக்கவில்லை. விரல்களைத் துடைத்துவிட்டு, காரின் பக்கவாட்டில் ஓடும் அந்த ஒரே கோட்டை முன்னிருந்து பின்வரை மெல்லத் தடவினார். பிறகு சாப்பிடாமலே போய்விட்டார்.

இன்னும் அவரை எனக்குப் பிடிக்காது. ஆனால் கலியாண வீடியோவில் நான் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது காரைத் தடவும் அந்தக் கையைத்தான்.